ஒன்பது குழிக்கு எத்தனை கலோரி

இந்தக் கதையில் குருவுக்கு வயது முப்பத்திரண்டு. சீடருக்கு அறுபத்து நான்கு.

குருவின் பெயர் யூனிஸ். கோவைக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கும் கோல்ஃப் மைதானத்தில் ஆட்டம் சொல்லிக்கொடுக்கும் பெண்மணி. சீடர் தெய்வசிகாமணி, மின்வாரியத்தில் பெரிய பொறியாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்த ஊருக்கு எவ்வளவு மின்சாரம் போகிறது, வழியில் எவ்வளவு வீணாகிறது என்று கணக்குப் பார்த்தே தலை நரைத்தவர். ஆற்றில் போட்டாலும் அளந்து போடு என்று ஆபீசில் ஓயாமல் சொல்வார். ஆற்றில் எதற்குப் போட வேண்டும் என்று ஒருவரும் அவரைத் திருப்பிக் கேட்டதில்லை.

போன வருடம் அவருடைய இதயத்தில் ஓர் அடைப்பு வந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள். இனிப் பயமில்லை, அளவாக நடங்கள், அளவாக விளையாடுங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். அப்படித்தான் கோல்ஃபுக்கு வந்து சேர்ந்தார். முழு ஆட்டம் பதினெட்டுக் குழி. இவர் பாதியோடு நிறுத்திக்கொள்வார்.

ஒரு நாள் ஆட்டம் முடிந்ததும் கேட்டார்.

"மேடம், ஒன்பது குழி ஆடினா ஒடம்புல எத்தனை கலோரி செலவாகுமுங்க?"

"எதுக்குங்க சார் கேக்கறீங்க?"

"சும்மா, தெரிஞ்சுக்கலாம்னுதான்."

"ஆளோட எடையைப் பொறுத்ததுங்க. பையை நீங்களே இழுத்துட்டு நடக்கறீங்களா, பேட்டரி வண்டியில போறீங்களா, ஏத்தம் எவ்வளவுன்னு எல்லாம் பார்க்கணும்."

"அதெல்லாம் படிச்சுட்டேனுங்க. கிளப்புல ஒருத்தர் ஐநூறுங்கறார். இன்னொருத்தர் ஆயிரங்கறார். இந்த வாட்ச் நேத்து ஒன்னு சொல்லுச்சு, இன்னைக்கு வேற சொல்லுது. நீங்க ஒரே நம்பராச் சொல்லிருங்க."

யூனிஸ் கையுறையைக் கழற்றி மடித்துப் பையில் வைத்தார்.

"எவ்வளவுன்னு சொன்னா உங்களுக்குச் சௌகரியமா இருக்குமுங்க?"

சீடருக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நாக்கு முந்திக்கொண்டது.

"அறுநூறுக்குக் குறையாம இருந்தாப் பரவாயில்லீங்க."

"அறுநூறுன்னு டாக்டர் சொன்னாருங்களா?"

"அவரு அளவான்னுதான் சொன்னாரு. அளவுன்னா ஒரு நம்பர் வேண்டாமுங்களா? நானே போட்டுக்கிட்டேன். ஒரு நாளைக்கு அறுநூறு. அதைத் தாண்டினா நெஞ்சு தாங்காது."

"சரிங்க. இந்தக் கணக்கு யாருக்கு?"

தெய்வசிகாமணி வாட்சின் வாரை இழுத்துச் சரிசெய்தார்.

"வசந்தாமணிகிட்டச் சொல்லணுமுங்க. நான் சொன்னா நம்ப மாட்டேங்கறா. நீங்க போன் பண்ணிச் சொன்னா நம்புவா."

வசந்தாமணி அவர் மனைவி. இரண்டு மாதத்துக்கு முன் மூட்டு மாற்று ஆபரேஷன் ஆகியிருந்தது. தினமும் சாயங்காலம் ஒருவர் கையைப் பிடித்துக்கொண்டு தெருவில் நடந்தே ஆக வேண்டும், இந்த மாதம் விட்டால் அப்புறம் கால் மடங்காது என்று பிசியோதெரபி பெண் கண்டிப்பாகச் சொல்லியிருந்தாள். தெய்வசிகாமணி அதற்கென ஒரு நர்சை வைத்தார். அந்தப் பெண்ணோடு வசந்தாமணி வாசல்படி தாண்டவில்லை. அவர் வரட்டும், அவரோடு நடக்கிறேன் என்று உட்கார்ந்துவிட்டார். இவர் தினமும் மைதானத்திலிருந்து திரும்பி, இன்றைய கோட்டா முடிந்தது, இனி ஓர் அடி வைத்தாலும் நெஞ்சுக்கு ஆகாது என்பார். அந்த அம்மாள் கேட்டைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு உள்ளே போய்விடுவார்.

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த முதல் சாயங்காலம், இவர்தான் கையைப் பிடித்து நடக்க வைத்தார். நாலைந்து அடி போயிருக்கும். வசந்தாமணி ஒவ்வோர் அடிக்கும் ஐயோ சாமி என்று முனகினார், நகம் இவர் மணிக்கட்டில் பதிந்தது. கல்யாணமான நாளாக அந்த வாயிலிருந்து ஒரு முனகலை இவர் கேட்டதே கிடையாது. அதைக் கேட்கிற தைரியம் அவருக்கு இல்லை. மறுநாள்தான் அறுநூறு என்ற எண் பிறந்தது. இதை அவர் குருவிடம் சொல்லவில்லை. தனக்கே சொல்லிக்கொள்ளவில்லை, குருவிடம் எப்படிச் சொல்வார்?

யூனிஸ் பையின் ஜிப்பை இழுத்து மூடினார்.

"நாளைக்கு நானும் கூட வர்றேனுங்க. ஒன்பது குழியும் ஆடிட்டு, அம்மாகிட்ட நானே சொல்றேன்."

சீடருக்குப் பாரம் இறங்கியது.

மறுநாள் வெயில் தாழ்ந்ததும் தொடங்கினார்கள். தெய்வசிகாமணி ஓங்கி அடித்ததும் முதலில் பார்த்தது மணிக்கட்டைத்தான்.

"பந்து எங்க போச்சுங்க சார்?"

"பார்க்கலீங்களே."

இரண்டாம் குழியிலும் அப்படித்தான். நாலாம் குழியில் பத்தடி மேடு ஏறியதும் நின்று வாட்சைப் பார்த்தார், இன்னும் கொஞ்சம் மெதுவாக நடந்தார். ஆறாம் குழி முடியும்போது நானூறை நெருங்கிவிட்டது. சரியான பாதையில்தான் போகிறோம் என்று அவருக்குத் திருப்தி.

ஏழாம் குழிக்குப் போகும் வழியில் குறுக்கே ஒரு பள்ளம் உண்டு. மழைக்காலத்தில் மலைத் தண்ணீர் வரும், மற்ற நாளில் முள்ளும் கல்லும்தான். அதைத் தாண்டி அடிக்க வேண்டும். அவர் ஒருநாளும் தாண்டியதில்லை. அன்று மட்டையைச் சுழற்றினார், பந்தில் பட்டதாகவே கைக்குத் தெரியவில்லை. நிமிர்ந்து பார்த்தால் பந்து நூல் பிடித்தாற்போலப் பள்ளத்தைத் தாண்டி, அப்பாலிருந்த கரட்டு மேட்டுக்கு மேலே போய்க்கொண்டிருந்தது. எங்கே விழுந்தது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அந்தப் பக்கம் போய்ப் பார்த்தார்கள். காணோம்.

"மூணு நிமிஷந்தானுங்க தேடலாம், அதான் சட்டம். விட்டுட்டு வேற பந்து போடுங்க சார்."

"அதெப்படிங்க விடறது? என்ற ஆயுசுல இப்படி ஒரு அடி அடிச்சதில்லீங்க. எங்க போய் உழுந்துச்சுன்னாவது பார்க்க வேண்டாமா?"

பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு பள்ளத்தில் இறங்கினார். முள்செடிகளை மட்டையால் விலக்கிப் பார்த்தார். ஏறி வந்தார். கல்லில் பட்டுத் திரும்பி உருண்டிருக்குமோ என்று தோன்றியதும் வேறு பக்கமாக மறுபடி இறங்கினார். யூனிஸ் அவருடைய பையை இழுத்துக்கொண்டு கரையோரமாகவே கூட நடந்தார். அவர் முகத்தின் மேல் வைத்த கண்ணை எடுக்கவில்லை.

"மூச்சு வாங்குதுங்களா?"

"இல்லீங்க, நீங்க அந்த வேம்புக்குப் பின்னால ஒரு பார்வை பாருங்க."

மூன்றாம் தடவை இறங்கிக் கரட்டு மேட்டுப் பக்கமாக ஏறினவர், அங்கேயே குந்தி உட்கார்ந்துவிட்டார். யூனிஸ் பதறிப்போய் ஓடினார். வேம்பின் வேர் இடுக்கில் பந்து கிடந்தது. அவர் அதை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தார். அவ்வளவு சந்தோஷத்தில் அவரை அந்த வருடம் முழுக்க யாரும் பார்த்ததில்லை.

"எவ்வளவு தூரம் வந்திருக்குது பாருங்க மேடம்."

பாக்கி இரண்டு குழியும் பேசிக்கொண்டே ஆடி முடித்தார்கள். பேச்சு முழுக்க அந்த ஓர் அடியைப் பற்றித்தான். கிளப் வாசலில் சிமெண்ட் பெஞ்சில் உட்கார்ந்த பிறகுதான் சீடருக்கு வந்த காரியம் ஞாபகம் வந்தது. வாட்சைத் திருப்பிப் பார்த்தார். முகம் வெளிறிவிட்டது.

"மேடம். தொள்ளாயிரம்."

"வலிக்குதுங்களா?"

"இல்லீங்க."

"மயக்கமா வருதா?"

"இல்லீங்க. ஆனா தொள்ளாயிரமுங்க."

கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். வராத பஸ்ஸுக்கு நிற்பதுபோல வெகுநேரம் காத்திருந்தார். ஒன்றும் வரவில்லை. மெல்ல மெல்லக் கையை எடுத்தார். பயம் விலகினதும் பழைய கணக்கு தலைதூக்கியது.

"ஒரு வகையில நல்லதாப் போச்சுங்க. தொள்ளாயிரம்னே சொல்லிருங்க. நாளைக்கு உண்டானதுலயும் பாதி செலவாயிருச்சுன்னு சொல்லுங்க."

யூனிஸ் அவரை ஒரு முறை பார்த்தார். பிறகு போனை எடுத்து, அவருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அம்மா, யூனிஸ் பேசறேனுங்க."

"சொல்லு அம்மிணி. அவரு நல்லா இருக்காரா?" வசந்தாமணியின் குரலில் திகில்.

"நல்லா இருக்காருங்கம்மா. பக்கத்துலதான் இருக்காரு. கோல்ஃப் ஆட எவ்வளவு சக்தி செலவாகும்னு உங்ககிட்டச் சொல்லச் சொன்னாரு."



"அதெல்லாம் எனக்கு எதுக்குச் சாமி? அவரு ஒடம்புக்கு முடியலீன்னா வர வேண்டாம். நான் கேட்டைப் புடிச்சுட்டு நின்னுக்கறேன். இன்னைக்கு அதுவும் முடியல. கால் மடங்கவே மாட்டேங்குது. இதை அவருகிட்டச் சொல்லீராதே."

தெய்வசிகாமணி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாருக்குக் கணக்குப் பார்த்துட்டேனுங்கம்மா," என்றார் யூனிஸ். "இன்னைக்கு ஒரு பந்தைத் தேடிப் பள்ளத்துல மூணு தரம் இறங்கி ஏறினாரு. தேடி முடிக்கிற வரைக்கும் வாட்சைப் பார்க்கவே இல்ல."

"அப்படியா அம்மிணி."

"உங்ககிட்ட ஒன்னு கேக்கணுமுங்க. உங்க தெரு மேடும் பள்ளமுமா இருக்குமுங்களா, சமமா இருக்குமா?"

"சமமாத்தான் இருக்கும். எதுக்கு அம்மிணி கேக்கறே?"

யூனிஸ் பதில் சொல்லாமல் போனைச் சீடரிடம் நீட்டினார்.