தேதி இல்லாத கடிகாரம்

சிகாமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. அவருக்குப் பாடம் சொல்லும் செலஸ்டினாவுக்கு முப்பத்தாறு. வங்கி வேலையை விட்டுவிட்டு, நிரல் எழுதக் கற்றுக்கொள்கிறேன் என்று வந்து நின்றவரை, "முடி கறுப்பா வெளுப்பான்னு மெஷின் பாக்காது, உக்காருங்க" என்று சேர்த்துக்கொண்டாள். அவர் அவளை மேடம் என்பார். அவள் அவரை சார் என்பாள். திட்டும்போதும் சார்தான்.

கோழிக்குஞ்சு பொரிக்கும் இயந்திரங்களுக்குள் ஓடும் கெர்னலை அவர்கள் எழுதினார்கள். எந்த வேலை எப்போது நடக்கவேண்டும் என்று உள்ளே உட்கார்ந்து நாட்டாமை செய்வது அதுதான். முட்டைத் தட்டுகளை மணிக்கு ஒருமுறை சாய்த்துத் திருப்பவேண்டும். திருப்பாமல் விட்டால் கரு ஓட்டோடு ஒட்டிக்கொண்டு செத்துப்போகும்.

அந்தக் கெர்னலுக்குப் புதிதாக ஒரு கடிகாரம் எழுதச் சொல்லி ஆகஸ்டிலேயே கேட்டிருந்தாள். மணி காட்டாத, தேதி தெரியாத கடிகாரம். இயந்திரத்தைப் போட்டதிலிருந்து எவ்வளவு நேரம் போயிற்று என்று மட்டும் எண்ணும். முன்னால் மட்டுமே போகும். யாரும் கைவைக்க முடியாது. சிகாமணியோ நாளைக்கு, நாளைக்கு என்று ஓட்டினார்.

அக்டோபர் ஏழாம் தேதி சாயங்காலம் மடிக்கணினியோடு வந்து நின்றார்.

"முடிச்சாச்சு மேடம். போன மாசமே முடிச்சுட்டேன், காட்டத்தான் மறந்துட்டேன். ஒரே ஒரு சந்தேகம். இதைப் பின்னால தள்ளி வைக்க ஒரு சின்ன வழி விட்டு வைக்கட்டுமா? தப்பாப் போச்சுன்னா சரி பண்ணிக்கலாம்."

"யாருக்குத் தப்பாப் போச்சுன்னா?"

அவர் மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினார். அவள் நிரலை வரி வரியாகப் படித்தாள். பிறகு, செய்த மாற்றங்களெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பதிவாகியிருக்கும் பட்டியலைத் திறந்தாள்.

"சுத்தமா எழுதியிருக்கீங்க. செப்டம்பர் மூணாம் தேதியா?"

"ஆமாங்க மேடம்."

"இதுக்கு அடியில இருக்கிற பதிவு அக்டோபர் அஞ்சு. அப்பனுக்கு ஒரு மாசம் முந்திப் பிள்ளை பொறந்திருக்கே, சார்."

சிகாமணிக்குக் காது இரண்டும் சூடேறின. கணினியின் தேதியை மாற்றத் தெரிந்தவருக்கு, பதிவுகளின் வரிசை மாறாது என்பது தோன்றாமல் போயிற்று.

செப்டம்பரில் ஒரு பொரிப்பகத்தில் இயந்திரத்தின் பேட்டரி தீர்ந்து தேதி ஆறு நாள் முன்னால் ஓடிவிட்டது. அங்கே வேலை பார்த்த ரங்கநாயகி புது பேட்டரி போட்டு, சரியான தேதியை வைத்தாள். செய்யவேண்டியதைத்தான் செய்தாள். பழைய கெர்னலோ அந்தத் தேதியைப் பார்த்துத்தான் தட்டைத் திருப்பும். அடுத்துத் திருப்பும் நேரம் அதன் கணக்கில் ஆறு நாள் தள்ளி இருந்தது. தட்டு அசையாமல் நின்றுவிட்டது. எச்சரிக்கை மணியும் அதே கடிகாரத்தை நம்பியதால் அடிக்கவில்லை. பதினோராயிரம் முட்டை போயிற்று.

பதினான்காம் தேதி பொரிப்பக முதலாளி கேட்டது ஒரே கேள்வி. கடிகாரத்தைத் தொட்டது யார்?

என்ன கோளாறு என்று பார்க்கப் போயிருந்த சிகாமணி அன்று அங்கேதான் இருந்தார். தப்பு ரங்கநாயகியிடம் இல்லை, கெர்னலில்தான் என்று பத்து நிமிடத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது. வாயைத் திறந்தார். முதலாளி காப்பி டம்ளரை நீட்டினார். வாங்கிக் குடித்தார். ரங்கநாயகி கண்ணைத் துடைத்துக்கொண்டு சாப்பாட்டுப் பையோடு வெளியே போனாள்.

"மூணாம் தேதின்னு இருந்தா, கடிகாரம் முன்னமே தயாரா இருந்துது, பொரிப்பகத்துலதான் அதை ஏத்தலைன்னு ஆகும். அதானே?" என்றாள் செலஸ்டினா.

"வயசான காலத்துல இந்த வேலையும் போயிடுமோன்னு..."

"அவங்களுக்குப் போச்சே."

போனை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்லி முடிக்க அவருக்கு நாலு நிமிடம் ஆயிற்று.

"அப்படிங்களா," என்றது எதிர்க்குரல். "அந்தம்மா கம்பத்துல அண்ணன் வீட்டோட போயிருச்சுங்க. பொண்ணு படிப்பையும் நிறுத்திட்டாங்களாமா. இங்க வேற ஆளும் போட்டாச்சு. அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே."

சிகாமணி போனை மேசையில் கவிழ்த்து வைத்தார்.

"இனிமே அவங்ககிட்டச் சொல்லி என்ன மேடம் ஆகப்போகுது?"

அவள் ஒரு வெள்ளைத்தாளைத் தள்ளினாள். "நடந்ததை நடந்தபடி அவங்களுக்கு எழுதுங்க. கீழ என் பேரையும் போடுங்க. ஆகஸ்டுல கேட்டுட்டு, அப்படியே விட்டவ நான்."

எழுதினார். அடித்து அடித்து எழுதினார். கடைசியில் தாளின் மேல்மூலையில் பேனா நின்றது.

"என்ன தேதி போடட்டும்?"

"தேதி வேண்டாம். அவங்களை அனுப்பி எத்தனை நாளாச்சோ, அதைப் போடுங்க."

வங்கியில் முப்பது வருஷம் இருந்தவர், விரல்விட்டு இரண்டு தடவை எண்ணினார்.

"இருபத்து மூணு."

தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். ஜன்னலுக்கு வெளியே வெயில் இறங்கிக்கொண்டிருந்தது.

"காலையில முதல் பஸ்ஸுக்குப் போகட்டுமா மேடம்?"

"காலையில இருபத்து நாலு, சார்."