மகாராஜா திரித்த திரி

முன்னொரு காலத்தில் நீர்மலை என்ற நாட்டைக் கனகபூபதி என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் காலையில் ஒரு நினைப்பு வந்தால் மத்தியானத்துக்குள் அது சட்டமாகிவிடும்.

ஒரு சமயம் ராணி கடுங்காய்ச்சலில் படுத்துவிட்டாள். ஒன்பது நாளாகக் கஞ்சிகூட உள்ளே இறங்கவில்லை. பயந்துபோன ராஜா, "ஒரு மண்டலத்துக்குத் தினம் ஒரு திரியை என் கையாலேயே திரித்து அம்மன் சன்னதியில் விளக்கேற்றுகிறேன்" என்று வேண்டிக்கொண்டார். அன்றே பஞ்சும் கையுமாக ராணியின் கட்டிலருகே உட்கார்ந்தும் விட்டார். வாள் பிடித்துப் பழகிய கைக்குப் பஞ்சு அடங்குமா? ஓர் இடத்தில் புடைத்து, ஓர் இடத்தில் மெலிந்து, எப்படியோ ஒரு திரி வந்து சேர்ந்தது.

"எப்படி இருக்கிறது?" என்று பெருமையாகக் கேட்டார்.

மந்திரி வீழிநாதர், "கம்பளிப்பூச்சி போல இருக்கிறது அரசே. முதல் திரிதானே, போகப் போகத் தேறும்" என்றார்.

ராஜாவின் முகம் சுருங்கியது. அரண்மனை அதிகாரி ஏகாம்பரருக்கு அது போதாதா? மந்திரி பதவிமேல் அவருக்கு நெடுநாளாக ஒரு கண். "மந்திரியாருக்குப் பார்வை மங்கிவிட்டது போலும்! இது திரியா? முத்துச்சரம்! கொடுங்கள் அரசே, நெய்யில் ஊறவைத்து நாளை சன்னதிக்கு நானே கொண்டுவருகிறேன்" என்று வாங்கிக்கொண்டார்.

மறுநாள் வெள்ளிக் கிண்ணத்தில் ஒரே சீராக, வழவழவென்று ஒரு திரி கிடந்தது. ராஜாவே திகைத்தார். "நான் திரித்ததா இது?"

"நெய்யில் ஊறினால் இப்படித்தான் மெருகேறும், அரசே!"

ராஜா நம்பிவிட்டார். நம்பத்தானே அவருக்கும் ஆசை! தினம் இதே கதை நடந்தது.

நாலாம் நாள் ராணிக்குக் காய்ச்சல் விட்டது. ராஜாவுக்குத் தலைகால் புரியவில்லை. "எல்லாம் என் கையால் திரித்த திரியின் மகிமை! இனி இந்த ஊரில் யாரும் திரியை விலைக்கு வாங்கக் கூடாது. அவரவர் கையாலேயே திரிக்க வேண்டும். திரி விற்பவரை நாடு கடத்துவோம்!" என்று பறையறைவித்துவிட்டார்.

அதன்பிறகு ஊர் பட்ட பாட்டைக் கேட்க வேண்டுமா? வீதியெங்கும் பஞ்சும் தும்மலும்தான். குயவர் திரித்த திரியில் பாதி களிமண். மல்லர் திரித்தது தாம்புக்கயிறு கனத்தில் இருந்தது. விரல் மடங்காதவர்கள் இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். அப்படி ஒரு முடக்குவாதக்காரருக்கு இரண்டு திரி கொடுத்தாள் என்று, கடைத்தெருவில் திரி விற்றுவந்த உலகம்மையைக் காவலர்கள் சபைக்கு இழுத்துவந்தார்கள்.

"மகாராசா, அந்த மனுசனுக்குக் கை வராது. நான் குடுக்காம வேற யார் குடுப்பா?" என்று அழுதாள் அவள்.

"நாடாளும் நாமே திரிக்கிறோம். அவனுக்கு என்ன வந்தது? பார் நம் திரியை!" என்று வெள்ளிக் கிண்ணத்தை அவள் முன்னே வைக்கச் சொன்னார் ராஜா.

உலகம்மை கண்ணைத் துடைத்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். "சாமி... இது நான் திரிச்சதாச்சே!"

"என்ன துணிச்சல்! மகாராஜாவின் திரியைத் தன் திரி என்கிறாள். இவள் நாக்கை அறுக்க வேண்டும்!" என்று துள்ளினார் ஏகாம்பரர்.

வீழிநாதர் எழுந்தார். "அறுக்கலாம். ஆனால் பொய் என்று எல்லோர் கண்ணுக்கும் தெரிய வேண்டாமா? அரசே, தாங்கள் ஒரு திரி திரியுங்கள். அவளும் ஒன்று திரிக்கட்டும்."

"அரசர் சபையில் பஞ்சைத் தொடுவதா?" என்று குறுக்கே வந்தார் ஏகாம்பரர்.

"கொண்டு வாரும் பஞ்சை!" என்றார் ராஜா மிடுக்காக.

அவர் வலக்கையால் தொடையில் உருட்டினார். உலகம்மை இடக்கைக்காரி, இடக்கையால் உருட்டினாள். வீழிநாதர் கிண்ணத்துத் திரியையும் சேர்த்து மூன்றையும் ராஜாவிடமே கொடுத்தார்.

"முறுக்கைப் பிரித்துப் பாருங்கள், அரசே. கை மாறினால் முறுக்கும் மாறும்."

ராஜா திரித்தது இடப்பக்கம் திருகினால் பிரிந்தது. உலகம்மையுடையதை அப்படித் திருகினால் இன்னும் இறுகியது. கிண்ணத்துத் திரியும் இறுகியது! வலப்பக்கம் திருகியதும் இரண்டும் சட்டென்று பிரிந்துகொண்டன.

"உலகம்மா, இது எப்படி அரண்மனைக்கு வந்தது?" என்று கேட்டார் மந்திரி.

"தினம் ஒரு ஆள் வந்து, ஏகாம்பரர் வீட்டுக்குன்னு ஒத்தைத் திரி வாங்கிட்டுப் போவாரு சாமி. நேத்துக்கூட வந்தாரு. பெரிய வீடாச்சே, மாட்டேன்னு சொல்ல முடியுமா?"

ஏகாம்பரர் தடாலென்று காலில் விழுந்தார். "அரசே, தங்கள் திரியைப் பார்த்து யாரும் சிரித்துவிடக் கூடாதே என்றுதான்..."

ராஜாவுக்குக் கோபம்கூட வரவில்லை. முகம் வெளுத்துவிட்டது. "அப்படியானால் என் வேண்டுதல்? ராணிக்கு மறுபடி காய்ச்சல் வந்தால்?" என்று அந்தப்புரத்துக்கு ஓடினார். மந்திரியும் பின்னாலேயே ஓடினார்.

ராணி சாய்ந்து உட்கார்ந்து இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ராஜா மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் கலகலவென்று சிரித்தாள்.

"காய்ச்சல் விட்டது வைத்தியர் கஷாயத்தால. ஆனா ஒண்ணு சொல்றேன். நீங்க பஞ்சோட மல்லுக்கட்டி, மீசையெல்லாம் பஞ்சாக்கிட்டு உட்கார்ந்திருந்தீங்களே, அதைப் பார்த்துச் சிரிச்ச அன்னிக்குத்தான் எனக்குக் கஞ்சி உள்ளே இறங்கிச்சு. அதைவிட அம்மனுக்கு என்ன வேணும்?"

ராஜா அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். பிறகு சபைக்குத் திரும்பி, பிரிந்துகிடந்த தம் கம்பளிப்பூச்சித் திரியை மறுபடி முறுக்கி, தாமே சபை விளக்கில் இட்டு ஏற்றினார். அது கொஞ்சம் புகைந்தது, படபடத்தது, பிறகு நின்று எரிந்தது. சபையே நிம்மதியாக மூச்சு விட்டது.

சட்டம் அன்றே ரத்தாயிற்று. உலகம்மைக்கு அரண்மனை விளக்குகளுக்கெல்லாம் திரி கொடுக்கும் உரிமை கிடைத்தது. வீழிநாதருக்கு ராஜா தம் முத்துமாலையைக் கழற்றிப் போட்டார். ஏகாம்பரர் ஒரு மண்டலம் கடைத்தெருவில் உலகம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து, முடக்குவாதக்காரர்களுக்கெல்லாம் இலவசமாகத் திரி திரித்துக் கொடுக்க வேண்டும் என்று தீர்ப்பாயிற்று.

அதற்கப்புறம் நீர்மலையில் திரிக்க வந்தவர்கள் திரித்தார்கள், வராதவர்கள் வாங்கிக்கொண்டார்கள். எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது.