ஆமைப்பாரின் மறுமுனை

வில்வநாதன் தண்ணீருக்கு அடியிலும் கேள்வி கேட்பார். அதற்கென்றே ஒரு சிலேட்டும் பென்சிலும் வாங்கி, கயிறு கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருந்தார்.

பதில் சொல்ல வேண்டியவள் ரெஜினா. ஸ்கூபா சொல்லித் தருபவள். அவருக்கு ஐம்பத்தாறு வயது, அவளுக்கு இருபத்தேழு. கடலுக்கடியில் அவர் எழுதி நீட்டுவார். அவள் படித்துவிட்டுக் கட்டைவிரலால் அழித்துவிடுவாள்.

நாலு சனிக்கிழமை இப்படிப் போயிற்று. நாலிலும் பதினெட்டாவது நிமிடத்திலேயே அவர் சிலிண்டரில் காற்று குறைந்துபோயிற்று. ஜோடியாக இறங்குகிறவர்கள் ஜோடியாகத்தான் ஏற வேண்டும் என்பது படகின் சட்டம். அவருக்கு ஜோடி அவர் மனைவி அரசி. பாதிக்கு மேல் காற்று மிச்சமிருந்தும் நாலு தடவையும் அவளும் கூடவே ஏறினாள்.

அவர்கள் போவது கடலுக்குள் மூழ்கிக் கிடக்கும் ஒரு பவளத் திட்டுக்கு. மீனவர்கள் அதை ஆமைப்பார் என்பார்கள். அதன் மறுமுனையில் ஒரு பாறை விளிம்புக்கடியில் ஆமை ஒன்று வந்து உறங்கும். அதைப் பார்க்கத்தான் அரசி நீச்சலே கற்றுக்கொண்டாள். ஆனால் அங்கே போய்ச் சேர இருபத்தைந்து நிமிடமாகும்.

இது ஐந்தாவது சனிக்கிழமை. அடுத்த வாரம் வாடைக்காற்று கிளம்பிவிடும். பிறகு மாதக்கணக்கில் கடல் கலங்கிக் கிடக்கும்.

படகோட்டி சேவியர் நங்கூரத்தைப் போட்டுவிட்டுத் திரும்பினார். "சார், இன்னைக்குப் பதினெட்டா, பத்தொன்பதா? தெரிஞ்சா அதுக்குத் தக்கன டீ போட்டுருவேன்."

"பதினேழுக்கே போட்டு வைங்கண்ணே," என்றாள் அரசி. "ஆறிட்டா இவரு அதுக்கும் ஒரு கேள்வி கேட்பாரு."

எல்லோரும் சிரித்தார்கள். வில்வநாதனும் சிரித்தார். முப்பது வருடத்தில் வேறு எங்கெல்லாம் இவளைப் பாதியில் ஏற வைத்தோம் என்று உள்ளுக்குள் ஒரு கணக்கு ஓடியது.

"ரெஜினா, காத்தை எப்படி மிச்சம் பிடிக்கிறது?"

ரெஜினா, உடம்பைத் தண்ணீருக்குள் அமிழ்த்துவதற்காக அவர் கட்டியிருந்த இடுப்புப் பட்டையைப் பார்த்தாள். "இதுல எத்தனை ஈயக்கட்டி?"

"எட்டு. நீங்க ஆறுதான் தந்தீங்க. மேல மேல கிளம்பிடறேன்னு நானே ரெண்டு சேர்த்துக்கிட்டேன்."

"மூச்சைப் பிடிக்கிறீங்களா?"

அவர் சிலேட்டுக் கயிற்றின் முடிச்சைச் சரிசெய்தார்.

"போன வாரம் உங்க குமிழி விட்டுவிட்டுத்தான் வந்துச்சு. முதல் நாளே என்ன சொன்னேன்?"

"பிடிக்கவே கூடாதுன்னு. இல்ல... நடுநடுவுல கொஞ்சம் நிறுத்தினா மிச்சமாகுமேன்னு..."

ரெஜினா பட்டையிலிருந்து இரண்டு கட்டிகளைக் கழற்றிப் பலகைமேல் போட்டாள். கொஞ்சம் யோசித்து இன்னொன்றையும் கழற்றினாள்.

"ஐயோ, மிதந்துடுவேனே!"

"மிதந்தா சேவியரண்ணன் டீ தருவாரு."

"சரி, கீழ போகணும்னா என்ன செய்யணும்?"

"மூச்சை விடுங்க. முழுசா, கடைசிக் குமிழி வரைக்கும்."

"இழுக்கிறது?"

"அதைப் பிறந்த அன்னைக்கே கத்துக்கிட்டீங்க சார்."

மூவரும் இறங்கினார்கள்.

தலை முங்கியதும் பழைய பழக்கம் வந்து மூச்சைப் பிடித்துக்கொண்டது. உடம்பு மேலே கிளம்பியது. சிலேட்டை எடுக்கக் கை போயிற்று. எதிரே ரெஜினா ஒன்றும் செய்யவில்லை. அவர் கண்முன்னே நிதானமாக மூச்சை விட்டாள். குமிழிகள் சரம் சரமாக மேலே போயின. அவள் படியிறங்குவதுபோலக் கீழே போனாள்.

வில்வநாதன் விட்டார். கடைசிக் குமிழி வரை விட்டார்.

கடல் அவரைக் கீழே வாங்கிக்கொண்டது.

மொறுக், மொறுக் என்று ஏதோ சத்தம் கேட்டது. கிளிமீன்கள் பாறையைக் கடித்துத் தின்றுகொண்டிருந்தன. நாலு வாரமும் அவை தின்றுகொண்டுதான் இருந்திருக்கும். அவருக்கு இன்றைக்குத்தான் காது கேட்டது.

எவ்வளவு நேரமானது என்று தெரியவில்லை. அரசி அவர் மணிக்கட்டை இறுகப் பற்றினாள். பாறை விளிம்புக்கடியில், ஞாயிற்றுக்கிழமை மதியத்துக் குடும்பஸ்தரைப்போல, ஆமை உறங்கிக்கொண்டிருந்தது. பிறகு கண்ணைத் திறந்து, இவர்களை ஒரு பொருட்டாகவும் மதிக்காமல் மேலே போய், ஒரு மூச்சு வாங்கிக்கொண்டு, அதே இடத்துக்கு வந்து படுத்துக்கொண்டது.

அரசி சிரித்த சிரிப்பில் அவள் முகக்கண்ணாடிக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது.

நங்கூரத்தை எடுத்துவிட்டுக் குமிழிகளின் பின்னாலேயே வந்த படகில் ஏறியபோது சேவியர் கத்தினார்: "நாப்பத்தோரு நிமிஷம்! டீ பச்சைத் தண்ணியாப் போச்சு சார்!"

"அது மூச்சு வாங்கினதைப் பார்த்தீங்களா? பார்த்தீங்கல்ல?" அரசி கணவரைப் பிடித்து உலுக்கினாள். பார்த்தேன், பார்த்தேன் என்று அவர் மூன்று தடவை சொன்னார்.

பிறகு ரெஜினாவிடம் திரும்பினார்.

"மிச்சம் பிடிச்ச நாளெல்லாம் தீர்ந்துபோச்சு. இன்னைக்கு இன்னும் மிச்சமிருக்கு. இது எப்படிம்மா?"

ரெஜினா அவர் இடுப்பில் தொங்கிய சிலேட்டைக் கையில் எடுத்தாள். முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். இரண்டு பக்கமும் ஒரு கோடுகூட இல்லை.

"இன்னைக்குத்தான் சார், நல்லா எழுதியிருக்கீங்க."