கொக்கு மாட்டிய உதவிப் பலகைகள்

நாவல் காட்டில் விலங்குகளுக்கென்று ஒரு கல்லூரி இருந்தது. அங்கே படிக்க வருகிறவர்களுக்கு உதவும் பொறுப்பு கொக்கிடம் இருந்தது. அது ஒரு பெரிய ஆலமரத்தின் பொந்துகளில் மருந்து, சாப்பாடு எல்லாம் வைத்து, எது எங்கே என்று பலகைகளும் மாட்டியது. வேலை என்னவோ சுத்தம்தான். ஆனால் பலகைகள் எல்லாம் கிளையில் உட்காரும் கொக்கின் கண் உயரத்தில், இலைகளுக்கு நடுவே தொங்கின!

"புதிதாக வந்தவர் யாரையாவது விட்டுச் சோதித்துப் பாருங்களேன்," என்றது அதைப் பார்த்த ஒரு முள்ளம்பன்றி.

"தாராளமாக!" என்ற கொக்கு, ஓர் ஆமையை அழைத்து வந்தது. "உனக்குக் காய்ச்சல் என்று வைத்துக்கொள். மருந்துப் பொந்தைக் கண்டுபிடி, பார்ப்போம்!"

ஆமை மரத்தைச் சுற்றியது. கழுத்தை நீட்டிப் பார்த்தது. திருதிருவென்று விழித்தது. கொக்குக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொண்டையைக் கனைத்தது. அலகால் வலப்பக்கம் காட்டியது. கடைசியில், "அந்த வேருக்குப் பின்னால்!" என்று சொல்லியே விட்டது.

ஆமை மருந்துப் பொந்தின் முன்னால் போய் நின்றது.

"பார்த்தீர்களா! எவ்வளவு சுலபம்!" என்று குதித்தது கொக்கு.

"நீங்களே காட்டிக் கொடுத்துவிட்டீர்களே!" என்றது முள்ளம்பன்றி.

"வாய் தவறி ஒரு வார்த்தை! அதைப் போய்ப் பெரிதுபடுத்துகிறீரே!"

மறுநாளே கொக்கு காடெங்கும் அறிவித்தது. "உதவி மரத்தைச் சோதித்தாயிற்று! எல்லாருக்கும் எளிதில் புரிகிறது!" புதிதாக வந்தவர்களிடமும் அதையே சொன்னது.

மழைக்காலம் வந்தது. மலைக்கு அப்பாலிருந்து, முயல் அளவே இருக்கும் ஒரு சருகுமான் படிக்க வந்திருந்தது. அதன் கூட்டத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் அதுதான். பாவம், அதற்குக் கடும் காய்ச்சல் கண்டது. உதவி மரத்தைச் சுற்றிச் சுற்றி வந்தது. வேரும் அடிமரமும்தான் கண்ணில் பட்டன. யாரையும் கேட்கக் கூச்சம். படிப்பே வேண்டாமென்று ஊருக்குக் கிளம்பிவிட்டது.

விஷயம் தெரிந்து கொக்கு பறந்து போய், மலையடிவாரத்தில் அதைப் பிடித்தது.

"ஏனம்மா போகிறாய்? மருந்து அந்த மரத்திலேயே இருந்ததே!"

"தேடினேன், ஐயா. தெரியவில்லை."

"யாரையாவது கேட்டிருக்கலாமே!"

"எல்லாருக்கும் எளிதில் புரிகிறது என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? அப்படியென்றால் எனக்குத்தான் படிக்கிற புத்தி இல்லை என்று நினைத்துக்கொண்டேன்."

கொக்குக்கு அழுகை வந்துவிட்டது. "தப்பு என்னுடையது! உன்னுடையது இல்லை! திரும்பி வா!" என்று கெஞ்சியது.

"பரவாயில்லை, ஐயா," என்று சொல்லிவிட்டுச் சருகுமான் மெதுவாக மலையேறியது.

கொக்கு அன்றே பலகைகளைக் கீழே இறக்கிக் கட்டியது. இப்போது எந்தக் குட்டிக்கும் அவை தெரிகின்றன. ஆனால் சருகுமான் திரும்பி வரவே இல்லை. அதன் கூட்டத்திலிருந்து வேறு யாரும் படிக்க வரவும் இல்லை. அதை நினைத்தால் கொக்குக்கு இன்றும் மீன் தொண்டையில் இறங்குவதில்லை.

சோதித்துப் பார்க்கும்போது தெரிகிற குறையைத் தானே மூடி மறைப்பவர், அதனால் பிறர் கெட்ட பிறகு வருந்திப் பயனில்லை.