வாசலுக்கு வந்த விளக்கு

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் கோமதி அக்கா. என் சின்ன மகளுக்குக் கல்யாணமாகி வீடு வெறிச்சோடிக் கிடந்த அந்த மார்கழியில், கோயில் மண்டபத்தில் பூத்தொடுத்துக்கொண்டே சொன்னார். அக்கா கொள்ளிடக் கரையில் ஒரு மடத்தில் வாசல் தெளித்து, பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்தவர். பாதி அவர் கண்ணால் பார்த்தது. மீதி, மாசிலாமணி தன் வாயாலேயே அவரிடம் சொல்லி அழுதது.

அந்த மடத்தை விளக்கு மடம் என்பார்கள். பெயர்தான் பெரிது. ஒரு கூடம், ஒரு சமாதி, ஒரு கிணறு, அவ்வளவுதான். கரையிலிருந்து தார்ச்சாலைக்குப் போகிற வழியில் தெருவிளக்குக் கிடையாது. அதனால் சமாதியில் இருக்கிற முதல் சாமி ஒரு வழக்கம் வைத்துவிட்டுப் போயிருந்தார். பொழுது சாய்ந்ததும் விளக்கை வாசலுக்குக் கொண்டுவர வேண்டும். அங்கே யார் நின்றாலும் சரி, விளக்கைப் பிடித்துக்கொண்டு அவர்களோடு சாலை வரை நடந்து, விட்டுவிட்டு வர வேண்டும். போகும்போது பாட ஒரு பாட்டும் கட்டி வைத்திருந்தார்.

வழியெல்லாம் இருட்டு, என் கையில் ஏதுமில்லை,
விழியிரண்டும் மங்கி விவரம் தெரியவில்லை,
எத்தனை நேரமானாலும் இங்கேயே நிற்கிறேன்,
ஏந்தி வா விளக்கை, என் ஐயா.

விளக்கு பிடிப்பதும் பாடுவதும் மாசிலாமணியின் வேலை. அவர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்ற பிறகு, அப்போது மடத்தில் இருந்த சாமியிடம் சீடராக வந்தவர். பின்படியில் நின்று குரல் கொடுத்தால் முன்சீட்டில் தூங்குகிறவர் எழுந்து உட்காருவார், அப்படி ஒரு தொண்டை. நாக்கும் அப்படித்தான். யார் என்ன சொன்னாலும் பதில் சில்லறை மாதிரி கையிலேயே இருக்கும்.

சாமி அவரைவிட வயதில் சின்னவர். தொண்டையில் கட்டி வந்து ஆபரேஷன் செய்ததில் குரல் போய்விட்டது. காற்றுதான் வரும். கிட்டே போய்க் கேட்க வேண்டும்.

ஊரில் மைக் செட் வைத்திருந்தவர் அறவாழி. கடவுள் இல்லை என்று மேடை போட்டுப் பேசுகிறவர். ஆனாலும் மடத்துக் குருபூஜைக்கு மைக் செட் அவருடையதுதான். மடத்து வாசல் வேப்பமரத்தில் ஒலிபெருக்கிக் குழாயைக் கட்டிவிட்டு மைக்கைத் தட்டுவார்.

"ஹலோ, ஹலோ... கடவுளே, கேக்குதா?"

கொஞ்சம் பொறுத்து, "பதிலைக் காணோம். லைன் சரியில்ல போல" என்பார். கூட்டம் சிரிக்கும்.

மாசிலாமணி விடுவாரா? "யோவ் அறவாழி, டிக்கெட் எடுக்காதவனுக்கெல்லாம் அவர் பதில் சொல்ல மாட்டாருய்யா."

"டிக்கெட் எடுத்தவனை எல்லாம் எங்க கொண்டுபோய் இறக்கி விட்டாரு, கண்டக்டரே?"

இப்படியே வருஷங்கள் போயின. முதலில் அது விளையாட்டாகத்தான் இருந்தது. பிறகு முள் ஏறிவிட்டது. அறவாழி தன் கூட்டங்களில் விளக்குப் பாட்டையே மாற்றிப் பாட ஆரம்பித்தார். மூன்றாவது அடியை எடுத்துவிட்டு, "எண்ணெய் என்ன விலையென்று கேட்டுவிட்டு, ஏந்தி வா விளக்கை, என் ஐயா" என்று கையை ஆட்டிப் பாடுவார். அந்தச் சத்தம் மடம் வரைக்கும் கேட்கும். அன்றைக்கெல்லாம் மாசிலாமணிக்குச் சோறு இறங்காது.

அறவாழியின் மனைவி தையல்நாயகிக்கு மட்டும் மடம் என்றால் உயிர். வெள்ளிக்கிழமை தோறும் எண்ணெய்த் தூக்கோடு வருவார். மொபெட்டில் கொண்டுவந்து விடுவது அறவாழிதான். வேப்பமரத்தடியோடு சரி, உள்ளே வரமாட்டார். கூடத்தில் பாட்டு முடிகிற வரைக்கும் வண்டியில் சாய்ந்து நிற்பார்.

"உள்ள வந்துடாதய்யா, உன் பகுத்தறிவுக்குத் தீட்டு" என்று மாசிலாமணி வாசலிலிருந்தே குரல் கொடுப்பார்.

தையல்நாயகி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்துச் சிரிப்பார். வேறு ஒன்றும் சொல்லமாட்டார்.

ஓர் ஐப்பசியில் அவர் வருவது நின்றது. வயிற்றில் ஏதோ என்றார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது என்றார்கள். கைவிரித்து வீட்டுக்கு அனுப்பிவிட்டது மட்டும் மடத்துக்கு வந்து சேரவில்லை.

ஒருநாள் பொழுது சாய்கிற நேரம். தூறல். மாசிலாமணி விளக்கைக் கையால் மறைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். அறவாழி நின்றுகொண்டிருந்தார். மொபெட் இல்லை. நடந்தே வந்திருக்கிறார். வேப்பமரத்தடியில் அல்ல, வாசற்படிக்குக் கிட்டே நின்றார்.

அறவாழிக்கு வேறு எப்படித் தொடங்குவது என்று தெரியவில்லை. பழக்கத்தில் வருவதுதான் வந்தது.

"என்ன கண்டக்டரே, லைன் சரியாயிடுச்சா?"

"உனக்கெதுக்குய்யா லைன்?"

"ஒரு பாட்டு வேணும்."

"பாட்டா? உனக்கா?"

"எனக்கில்ல. நீங்க ஒரு நடை வீட்டுக்கு வந்து..." அதற்கு மேல் அவருக்கு வரவில்லை.

எத்தனை வருஷமாக மென்று விழுங்கிய பதிலோ, மாசிலாமணிக்கு அப்போதுதான் வாய்க்கு வந்தது. விளக்கை ஒரு கையில் தூக்கிப் பிடித்தார். மற்றக் கையை அறவாழி மேடையில் ஆட்டுவது போலவே ஆட்டினார்.

"எண்ணெய் என்ன விலையென்று கேட்டுவிட்டு..."

முழுக் குரலில் பாடினார். பாடிவிட்டு, "கேட்டியாய்யா? கேட்டுட்டு வா, அப்புறம் பாடலாம்" என்றார்.

அறவாழி முகத்து ஈரத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கேக்கல, கண்டக்டரே" என்றார். திரும்பி இருட்டில் நடந்து போய்விட்டார்.

மாசிலாமணி விளக்கோடு உள்ளே வந்தார். மனசு நிறைந்திருந்தது. அந்த ஆளை வாயடைத்து அனுப்பியது அதுதான் முதல் தடவை.

சாமி அப்போதுதான் தியானம் முடித்து எழுந்திருந்தார். "யாரு?" என்றார்.

"அறவாழி, சாமி. கேலி பண்ண வந்தான். வட்டியும் முதலுமா குடுத்தனுப்பிட்டேன்."

"சாலை வரைக்கும் போனீங்களா?"

"அவனுக்கா?"

சாமி வாசலுக்குப் போய் இருட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் விடிந்ததும் கோமதி அக்கா ஓடிவந்தார்.

"சாமி, தையல்நாயகி போயிட்டாங்க. விடியக்காலம். கண்டக்டர் அண்ணன் பாட்டை ஒரு தடவை கேக்கணும்னு ஆசைப்பட்டுச்சாம். கூட்டிட்டு வரேன்னு போன மனுஷன் தனியாத் திரும்பி வந்தாராம்."

மாசிலாமணி கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தார். பிடித்த கயிறு பிடித்தபடியே இருந்தது. இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

"கிளம்புங்க" என்றார் சாமி.

"நான் எந்த முகத்தோட சாமி..."

"இருக்கிற முகத்தோட."

ஊரில் எந்த வீட்டில் சாவு என்றாலும் அறவாழியின் குழாய் முன்னால் போய் நிற்கும். அன்றைக்கு அவர் வீட்டில் குழாய் இல்லை. பந்தலில் ஒரு பக்கம் கருப்புச் சட்டைக்காரர்கள், இன்னொரு பக்கம் திருநீறு பூசிய தையல்நாயகியின் பிறந்த வீட்டார். நடுவில் தையல்நாயகி கிடந்தார். இந்தப் பக்கம் அந்தப் பக்கத்தோடு பேசவில்லை.

சாமியைப் பார்த்ததும் ஒருவர் எழுந்து வந்து மறித்தார். "இங்க சடங்கெல்லாம் கிடையாதுங்க."

சாமி தலையசைத்தார். வாசல் படலுக்கு வெளியிலேயே நின்று அறவாழியைப் பார்த்துக் கேட்டார். காற்றுக் குரல். அறவாழி எழுந்து கிட்டே வர வேண்டியிருந்தது.

"உள்ள வரலாமா?"

"வாங்க."

"இது உங்க வீடு. பாடச் சொன்னா பாடறோம். வேணாம்னா சும்மா உட்கார்ந்திருந்துட்டுப் போறோம்."

அறவாழி திரும்பி மனைவியின் முகத்தைப் பார்த்தார்.

"எனக்கு வேணாம் சாமி. அவ கேட்டா."

உள்ளே போனார். மைக்கையும் ஸ்டாண்டையும் அவரே தூக்கி வந்தார். குழாயைப் பந்தல் காலில் கட்டினார். ஒயரை மாட்டினார். மாசிலாமணியின் உயரத்துக்கு ஸ்டாண்டை ஏற்றி முடுக்கினார். விரலால் மைக்கை இரண்டு தட்டுத் தட்டினார்.

மாசிலாமணி காத்திருந்தார். அந்த வார்த்தைக்காகத்தான். கடவுளே கேக்குதா என்று சொல்லிவிடய்யா, எல்லார் முன்னாலும் சொல்லிச் சிரித்துவிடு, நான் வாங்கிக்கொள்கிறேன் என்று மனசுக்குள் கெஞ்சினார்.

அறவாழி ஒன்றும் சொல்லவில்லை. விலகிப் போய் மனைவியின் தலைமாட்டில் உட்கார்ந்தார்.

மாசிலாமணி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார். முதல் அடி வந்தது. இரண்டாவது அடி வந்தது. மூன்றாவதுக்கு மூச்சு எடுத்தார்.

"எண்ணெய் என்ன விலையென்று..."

தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

"டேய்!" என்று தையல்நாயகியின் அண்ணன் எழுந்துவிட்டார். கருப்புச் சட்டைக்காரர்களும் எழுந்துவிட்டார்கள். மாசிலாமணிக்குத் திறந்த வாய் மூடவில்லை. நாள் தவறாமல் பாடுகிற பாட்டு. எங்கே தேடினாலும் அந்த அடி இல்லை. அது இருந்த இடத்தில் நேற்று பாடியதுதான் இருந்தது.

அறவாழி கையைக் காட்டி எல்லாரையும் உட்கார வைத்தார். எழுந்து வந்து மைக்கை மூடினாற்போலப் பிடித்துக்கொண்டார்.

"எனக்கும் ராத்திரி அப்படித்தான் வந்துச்சு, கண்டக்டரே. ஆளு கிடைக்கல, நானே பாடினேன். எனக்குத் தெரிஞ்சது அந்தக் கேலிதானே. சிரிச்சா. அப்புறம் ஒவ்வொரு சொல்லாத் திருத்தினா." நிறுத்தினார். "எத்தனை நேரமானாலும் இங்கேயே நிற்கிறேன். அதான் அந்த அடி. பாடுங்க."

மைக்கிலிருந்து கையை எடுத்தார்.

மாசிலாமணி பாடினார். அந்தத் தொண்டையா இது என்று கேட்டவர்கள் நினைத்தார்களாம். எப்படியோ கடைசி அடி வரைக்கும் போய்ச் சேர்ந்தார். பிறகு தையல்நாயகியைத் தூக்கிக்கொண்டு போனார்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் தோள் கொடுத்தார்கள். மந்திரம் இல்லை, கோஷம் இல்லை. நடக்கிற சத்தம் மட்டும்தான்.

சாமியும் மாசிலாமணியும் மடத்துக்குத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிட்டது. கரைமேட்டில் ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியவில்லை. மாசிலாமணி அழுதுகொண்டே வந்தார். வேப்பமரத்தடிக்கு வந்ததும் அவருக்குப் பொறுக்கவில்லை.

"சாமி, ஒண்ணு கேக்கணும்."

சாமி நின்றார்.

"அவன் நம்பாதவன். வருஷக்கணக்கா அந்தப் பாட்டைக் கேலி பண்ணினவன். அவன் வாய்க்கு அந்த அடி வருது. நான் நம்புறவன். தினம் பாடுறவன். எனக்கு ஏன் சாமி வரல?"

"அந்த அடியில நிக்கிறது யாரு?" என்று கேட்டார் சாமி.

"நாமதான் சாமி. இருட்டுல நாம நிக்கிறோம். விளக்கை எடுத்துக்கிட்டு அவர் வரணும்."

காற்று அடித்துக்கொண்டிருந்தது. மாசிலாமணி குனிந்து கிட்டே போனார்.

"நேத்துச் சாயங்காலம்," என்றார் சாமி, "விளக்கு யார் கையில இருந்துச்சு?"

மாசிலாமணி உள்ளே போய் விளக்கை ஏற்றிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

இந்தக் கதையைக் கேட்டவர்களிடம் நான் கேட்பது ஒன்றே ஒன்று. இன்றைக்கு வீட்டில் விளக்கேற்றினால், தையல்நாயகி பேருக்கு ஒரு சொட்டு எண்ணெய் கூடுதலாக விடுங்கள். ஏற்றுகிற பழக்கம் இல்லையென்றால், வாசலில் கொஞ்ச நேரம் சும்மா நில்லுங்கள். அது போதும்.