டாக்டரம்மா வண்டியின் பெடல்கள்

கோயமுத்தூர் கணபதியில் ஒரு கார் ஒர்க்ஷாப். அங்கே குருவுக்கு வயது முப்பத்தாறு, பெயர் சுபாஷிணி. சீடருக்கு ஐம்பத்து மூன்று, பெயர் வெள்ளியங்கிரி. இருபத்தைந்து வருடம் இன்ஜின் பிரித்துப் பூட்டியவர். இப்போது வருகிற வண்டியெல்லாம் வயரும் சென்சாருமாக இருக்கவே, வெட்கம் பார்க்காமல் தன்னைவிடச் சின்னவளிடம் எலக்ட்ரிக்கல் படிக்க வந்துவிட்டார். நல்ல மனிதர். ஆறடி உயரம். தப்பாகச் செய்கிற வேலையைக்கூடச் சுத்தமாகச் செய்வார்.

அன்று காலை டாக்டர் ஜெசிந்தாவின் வண்டி மூன்றாவது முறையாக வந்தது. ஓடி வரவில்லை, கட்டி இழுத்து வந்தார்கள்.

டாக்டருக்கு உயரம் நாலடி. அதற்காகவே தேடி வாங்கிய வெளிநாட்டு வண்டி அது. ஒரு சுவிட்சை அழுத்தினால் பிரேக்கும் ஆக்ஸிலேட்டரும் சேர்ந்து அவர் காலை நோக்கி நகர்ந்து வரும். பெடல் எங்கே நிற்கிறது என்று ஒரு சென்சார் வண்டியின் கம்ப்யூட்டருக்குச் சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சேதி நின்றுபோனால், அடுத்த முறை ஸ்டார்ட் செய்யும்போது பெடல்கள் கடைசி வரை உள்ளே போய்விடும். பிறகு சுவிட்சோடு மல்லுக்கட்டினாலும் வராது. ஆறு வாரமாக இதே கூத்து.

"போன தடவையும் சரியாப் போச்சுன்னீங்க," என்றார் டாக்டர். "அன்னூர் தாண்டி ஒரு வீட்டு முன்னால நிறுத்திட்டுத் திரும்ப எடுத்தா, கால் எட்டல. படுக்கையில கிடக்கறவங்க பதினோரு பேரு. அவங்க என்கிட்ட வர முடியாது. ஒருத்தருக்கு வலி மருந்து இன்னிக்குச் சாயங்காலத்தோட தீருது. இந்தத் தடவையும் இப்படின்னா, வீடு வீடாப் போறதையே நிறுத்திர்றேன். எனக்கு அலுத்துப்போச்சு."

வெள்ளியங்கிரி ஸ்கேனரைச் சொருகினார். வண்டியின் கோளாறைப் படித்துச் சொல்லும் கருவி அது. முன்பு இரண்டு தடவை சொன்னதையே சொன்னது: பெடல் சென்சாரிலிருந்து சேதி வரவில்லை.

"அம்மிணி, ரெண்டு சென்சார் மாத்திட்டேனுங்க. கழட்டுன ரெண்டையும் மீட்டர்ல போட்டுப் பாத்தா, ரெண்டும் நல்லாத்தான் இருக்குது. சென்சார் பொய் சொல்லுதா, ஸ்கேனர் பொய் சொல்லுதா?"

சுபாஷிணி ஸ்கேனரில் பழைய கோளாறை அழித்தாள். சுவிட்சுக்குப் பெடல் மறுபடியும் அசைந்தது.

"ஏறி உக்காந்து பாருங்கண்ணா."

வெள்ளியங்கிரி கதவைத் திறந்தார், சீட்டுக்கு அடியில் இருந்த கம்பியைத் தூக்கினார், சீட்டைக் கடைசி வரை பின்னால் தள்ளினார், உட்கார்ந்தார். சுவிட்சை அழுத்தினார். பெடல் அவர் காலுக்கு எட்டும் பாதி தூரம் வந்தது, போனது. குற்றம் சொல்ல ஒன்றுமில்லை.

"இறங்குங்க."

இறங்கினார். சுபாஷிணி சீட்டைப் பழையபடி முன்னால் இழுத்தாள்.

"ஏறி உக்காருங்க."

மறுபடியும் கம்பி, மறுபடியும் சீட்டு பின்னால், மறுபடியும் பெடல் பாதி தூரம்.

"இறங்குங்க."

மூன்றாவது தடவையும் அதேதான். அவர் காதெல்லாம் சிவந்துவிட்டது.

"என்னங்க அம்மிணி இது? ஏறு, இறங்குன்னு. மத்தியானமாகப் போகுது, அந்தம்மா அங்க உக்காந்திருக்காங்க. தப்பு என்னன்னு சொன்னாத் திருத்திக்கப்போறேன்."

"ஏறுங்க."

"ஏறித்தான் தொலைக்கிறேன்."

கதவைத் திறந்து கம்பியைத் தூக்கினார். அவர் கையை அவரே பார்த்தார். கம்பியை விட்டுவிட்டார்.

டாக்டர் வைத்திருந்த இடத்திலேயே சீட்டு இருக்க, அதில் அவரால் சரியாக உட்கார முடியவில்லை. ஒரு கால் வெளியே தொங்கியது, இன்னொன்று ஸ்டியரிங்குக்கு அடியில் மடங்கிக்கொண்டது. முட்டி இடித்தது, கழுத்து சாய்ந்தது. அப்படியே சுவிட்சை அழுத்தினார். பெடல் பாதி தூரம் வந்தது. அதற்கு மேலும் வந்தது. கெண்டைக்கால் மேல் வந்து முட்டி நின்றது.

"இப்ப பிரேக்கை மிதிங்க."

ஒரு தடவை, இரண்டு தடவை. நான்காவது மிதியில் எச்சரிக்கை விளக்கு எரிந்தது.

வெள்ளியங்கிரி எப்படியோ உடம்பை முறுக்கிக்கொண்டு டார்ச்சோடு டேஷ்போர்டுக்கு அடியில் தலையை விட்டார். பெடலோடு சேர்ந்து வர வேண்டிய வயர் வர இடமில்லாமல் துணி காயப்போடும் கொடிபோல விறைத்து நின்றது. வயர் கட்டுகிற ஒரு பிளாஸ்டிக் டை அதை இறுக்கிப் பிடித்திருந்தது. டையின் வால் ஒட்ட நறுக்கியிருந்தது. அவ்வளவு சுத்தமாக அந்த ஒர்க்ஷாப்பில் ஒருவர்தான் நறுக்குவார்.

வெளியே வந்தவர் டார்ச்சை அணைத்தார்.

"ரெண்டு மாசம் முன்னால ஏசி வேலைக்கு வந்தப்ப, வயரெல்லாம் தொங்குதேன்னு நான்தானுங்க இழுத்துக் கட்டுனேன். பெடல் உள்ள இருக்கையில கட்டிட்டேன்."

டையை வெட்டினார். உறைக்குள் அறுந்து, இழுத்தால் விலகியும் விட்டால் ஒட்டியும் இருந்த செப்புக் கம்பியைப் பற்றவைத்து, வயருக்குத் தாராளமாக இடம் விட்டார். இந்த முறை அது அசிங்கமாகத் தொங்கியது. டாக்டரை ஏறச் சொல்லி, பெடலை அவர் காலடிக்கு வரவழைத்து, இருபது தடவை பிரேக்கை மிதிக்கச் சொன்னார். ஒர்க்ஷாப்பைச் சுற்றி ஓட்டச் சொன்னார். அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யச் சொன்னார். விளக்கு எரியவில்லை, பெடல் அங்கேயே நின்றது.

டாக்டர் சிரிக்கவில்லை. இரண்டு தடவை சிரித்து ஏமாந்தவர். "சாயங்காலம் ஃபோன் பண்றேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிளம்பினார்.

ஐந்தரைக்கு ஃபோன் வந்தது. மூன்று வீடு முடிந்ததாம், நான்காவது வீட்டுக்குப் போய்க்கொண்டிருக்கிறாராம். வலி மருந்து போய்ச் சேர்ந்துவிட்டது.

வெள்ளியங்கிரிக்கு நிம்மதியோடு கோபமும் வந்தது. ஆறு வாரம் தன்னை இப்படி அலையவிட்டிருக்க வேண்டாமே என்று இருந்தது.

"ஒண்ணு கேக்கறேன், தப்பா நினைக்காதீங்க அம்மிணி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்குது. மொத தடவையே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

சுபாஷிணி கையிலிருந்த மீட்டரை மேசைமேல் வைத்தாள்.

"மொத தடவை எனக்கே தெரியலீங்கண்ணா. அன்னிக்கு ஏசி வேலை முடிஞ்சதும் வண்டியைச் செக் பண்ணி அனுப்புனது நானுங்கண்ணா. நானும் சீட்டைப் பின்னாடி தள்ளிட்டுத்தான் உக்காந்தேன்."