அடித்தட்டில் நீரிறைத்த வங்கனார்

அலைவள நாட்டின் கடற்படையில் வங்கனார் என்றோர் அடியார் இருந்தார். போர்க்கப்பலின் அடித்தட்டில், பலகை இடுக்குகளின் வழியே கசிந்து தேங்கும் தண்ணீரை மரவாளியில் முகந்து, ஏணியேறிக் கடலில் கொட்டிவிட்டு மறுபடி இறங்குவது அவர் தொழில். அங்கே வெயில் எட்டாது. பலகைக்குப் பூசிய கீலும் அழுகிய கயிறும் எலியும் சேர்ந்த நாற்றம் உடம்பில் ஒட்டிக்கொண்டால் எத்தனை முழுக்குப் போட்டாலும் போகாது. துடுப்பு வலிப்பவருக்கும் வில் பிடிப்பவருக்கும் துறைமுகத்தில் மாலை விழும். நீரிறைப்பவரை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை.

அந்நாட்டின் தலைநகரான பெருங்கலத்துறையில், கடலைப் பார்த்தபடி கரைசேர்த்த நாதர் கோயில் கொண்டிருந்தார். கப்பலேறும் நாட்களில் வங்கனார் விடியலிலேயே அங்கு சென்று, அலை கொண்டுவந்து போட்ட பாசியையும் குப்பையையும் படித்துறையிலிருந்து அள்ளி அகற்றுவார். பிறகு ஈசனை ஒருமுறை கண்குளிரப் பார்த்துவிட்டு வேலைக்குப் போவார். கடலில் இருக்கும்போது ஒவ்வொரு வாளிக்கும் "கரைசேர்த்த நாதா" என்று ஒருமுறை சொல்லிக் கொட்டுவார். அவர் அறிந்த மந்திரம் அது ஒன்றுதான்.

கப்பலில் இருந்தவர்கள் அவருக்கு 'அடித்தட்டுச் சாமியார்' என்று பெயர் வைத்திருந்தார்கள். எயினன் என்ற துடுப்புக்காரன் அவரைச் சீண்டாத நாளில்லை.

"ஏன் சாமியாரே, பால் ஊத்துறாங்க, பன்னீர் ஊத்துறாங்க. நீரு எலி செத்த தண்ணிய ஊத்திட்டு அவரு பேரச் சொல்றீரே, கோவிச்சுக்க மாட்டாரா?"

வங்கனார் சிரிப்பார். "எங்கிட்ட இருக்கிறது இதுதானப்பா. கப்பல் முழுகக் கூடாதுன்னு ஊத்துறேன். அவருக்கு அது தெரியாதா என்ன?" என்று சொல்லி வாளியோடு இறங்கிவிடுவார்.

அவருடைய மனைவி புன்னையம்மை. இருவருக்கும் ஒரே மகன், பெயர் சேந்தன். அவனும் கடற்படையில் துடுப்பு வலித்தான். தோளும் மார்பும் விரிந்த ஆண்பிள்ளை. சிரித்தால் தெருக்கோடிவரை கேட்கும். கருந்தீவு நாட்டாருக்கும் அலைவள நாட்டாருக்கும் மீன்பிடி எல்லை பற்றி மூண்ட பகை ஓர் ஆண்டு போராக வெடித்தது. சேந்தன் இருந்த கப்பலைக் கருந்தீவார் எரியம்பு விட்டுக் கொளுத்தினார்கள். கப்பலோடு போனவர்களில் ஒருவர் உடல்கூடக் கிடைக்கவில்லை.

செய்தி வந்த அன்று புன்னையம்மை அழவில்லை. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். மறுநாள் விடியலில் கணவர் கோயிலுக்குப் புறப்பட்டபோதுதான் வாய் திறந்தார்.

"எங்க போறீங்க?"

"படித்துறைக்கு."

"அவருக்குப் பேரு கரைசேத்தவராம். எம்புள்ளயச் சேத்தாரா?"

வங்கனார் வாசலிலேயே நின்றுவிட்டார். கண்ணீர் தாடியில் இறங்கியது. "எனக்குத் தெரியலயே, புன்னை" என்றார். "நீ கேக்கிறதத்தான் நானும் அவர்கிட்டப் போயி கேக்கப் போறேன். வேற யாருகிட்டக் கேக்க முடியும்?"

அவர் போனார். அம்மையார் போகவில்லை. அன்றிலிருந்து அவர் கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. வங்கனார் அதற்காக அவரை ஒரு சொல் கடிந்ததில்லை. ஆனால் படித்துறையில் நின்று தமக்குள் ஒன்றை உறுதி செய்துகொண்டார். தண்ணீரில் தவித்த தம் மகன் எப்படியும் யாரையேனும் கூப்பிட்டிருப்பான். கேட்டவர் எவரும் இல்லாமல் போயிருக்கலாம். இனித் தம் காதில் விழ, தண்ணீரிலிருந்து யார் கூப்பிட்டாலும், கூப்பிடுவது ஈசனே என்று எண்ணிப் போவது. இதுவே அவர் பூண்ட விரதம்.

அடுத்த ஆண்டு பழிதீர்க்கப் படை திரண்டது. கடற்படைத் தலைவர் செங்கோவரையர் தலைமைக் கப்பலில் ஏறினார். அதன் அடித்தட்டில்தான் வங்கனாருக்கு வேலை. கருந்தீவுக்கு இப்பால் நடந்த போரில் அலைவள நாட்டாருக்கே வெற்றி. பகைவரின் பெரிய கப்பல் ஒன்று இரண்டாகப் பிளந்து மூழ்கியது. மேல்தளத்தில் முரசு முழங்கியது, ஆட்கள் ஆர்ப்பரித்தார்கள்.

அந்த ஆரவாரத்துக்கு நடுவிலும், பலகைக்கு வெளியே தண்ணீரில் மனிதர்கள் அலறுவது அடித்தட்டில் நின்ற வங்கனாருக்குக் கேட்டது. கையில் இருந்த வாளியைக் கீழே வைத்தார். ஏணியேறி மேல்தளத்துக்கு வந்து, அங்கே சுருட்டியிருந்த வடத்தை எடுத்துக் கடலில் வீசினார். ஒருவன் பற்றிக்கொண்டான். அவனை இழுத்துப் போட்டுவிட்டு மறுபடி வீசினார். நாலைந்து பேர் மேலேறிய பிறகுதான் செங்கோவரையர் அதைக் கண்டார்.

"நிறுத்துடா! யார் கேட்டு இவங்கள ஏத்துற?"

"கூப்பிட்டாங்க ஐயா."

"உன் மகன எரிச்சவங்கடா இவங்க! மறந்துட்டியா?"

வங்கனார் வடத்தை விடவில்லை. "மறக்கலய்யா. பெத்தவன் எப்படி மறப்பேன்? ஆனா கூப்பிடுறாங்களே. காதுல விழுதே."

தலைவரின் முகம் சிவந்தது. வெற்றிபெற்ற கப்பலில், எல்லார் முன்னிலையிலும், ஒரு நீரிறைப்பவன் தம் சொல்லைத் தட்டுகிறான். கப்பலின் பின்புறம் கட்டியிருந்த பழைய படகைச் சுட்டிக் காட்டினார். "அவ்வளவு பாசம்னா அவங்களோடயே போ. துடுப்புக் கிடையாது. பாய் கிடையாது. உன் சாமி கரைசேக்கட்டும்."

வங்கனார் கைகூப்பினார். "சரிங்கய்யா. என் வாளிய மட்டும் எடுத்துக்கிறேன். அந்தப் படகு கசியும்."

படகை இறக்கியபோது எயினன் மட்டும், தலைவர் பாராத நேரத்தில், ஒரு தண்ணீர்த் தோற்பையை அதற்குள் போட்டுவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

கப்பல்கள் விலகிச் சென்றன. மிதந்த பலகைகளைத் துடுப்பாக்கி, வங்கனாரும் மீட்கப்பட்டவர்களும் தவித்துக்கொண்டிருந்த மற்றவர்களிடம் படகைச் செலுத்தினார்கள். ஒவ்வொருவராக ஏற்றினார்கள். படகு தாழ்ந்துகொண்டே போய், விளிம்புக்கும் தண்ணீருக்கும் இடையே ஒரு சாண்கூட இல்லாமல் ஆயிற்று. அப்போது தொலைவில் ஒரு கட்டையைப் பற்றியபடி வெண்தாடிக் கிழவர் ஒருவர் கையசைத்தார்.

பொறையன் என்ற கருந்தீவு வீரன் வங்கனாரின் கையைப் பிடித்தான். "வேண்டாம் பெரியவரே. இன்னும் ஒரு ஆள் ஏறினா எல்லாரும் போயிருவோம்."

"ஆமாப்பா, இடமில்ல" என்றார் வங்கனார். "நான் எறங்கிக்கிறேன். விளிம்பப் புடிச்சுக்கிட்டே வாரேன். அவரு வயசானவரு, ரொம்ப நேரம் தாங்க மாட்டாரு."

பொறையன் தடுப்பதற்குள் அவர் தண்ணீரில் இறங்கியிருந்தார். கிழவரைத் தாங்கிப் பிடித்துப் படகில் ஏற்றிவிட்டார். ஏறியவர் ஒரு சொல்லும் பேசாமல், வங்கனாரின் வாளியை எடுத்து, படகில் ஊறிய தண்ணீரை முகந்து கொட்டத் தொடங்கினார். வங்கனார் கழுத்தளவு நீரில் தொங்கிக்கொண்டு வந்தார். குளிர் எலும்பில் ஏறியது, விரல்கள் மரத்தன. பிடி நழுவப்போகும் வேளையில் கிழவர் குனிந்து பார்த்தார்.

"ஏறி வாப்பா. இடம் இருக்கு."

"முழுகிருமே, ஐயா."

"முழுகாது, வா."

ஏறினார். படகு தாழவில்லை. இருந்தவர்கள் நெருக்கி உட்கார்ந்ததால் இடம் கிடைத்தது என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள்.

மாலையில் வானம் கறுத்துச் சூறைக்காற்று எழுந்தது. நாலாபுறமும் கடல் கொந்தளித்தது. படகைச் சுற்றி மட்டும் அலை அடங்கியே இருந்தது. கிழவர் பின்பக்கம் அமர்ந்து ஒரு பலகையைச் சுக்கான்போல் பிடித்திருந்தார். வங்கனார் நீரிறைத்தார், அவர் களைத்தபோது பொறையன் வாளியை வாங்கிக்கொண்டான். "கொட்டுறப்ப என்னமோ சொன்னீங்களே, அதையும் சொல்லணுமா?" என்று கேட்டான். "விருப்பம் இருந்தாச் சொல்லு" என்றார் அடியார். அவன் சொன்னான். பிறகு எல்லாருமே சொன்னார்கள்.

மறுநாள் காலை, கடல் தெளிந்தபோது, முறிந்த பாய்மரத் துண்டு ஒன்றில் ஒருவர் கவிழ்ந்து கிடப்பதைக் கண்டார்கள். படகு அருகே போயிற்று. செங்கோவரையர்! சூறைக்காற்றில் பாய்மரம் ஒடிந்தபோது அதனோடு அவரும் அலையில் அடித்துச் செல்லப்பட்டிருந்தார். அந்தக் களேபரத்தில் கப்பலில் இருந்த எவரும் அதைக் கவனிக்கவில்லை.

படகின் ஓரத்தில் இருந்த பொறையன்தான் முதலில் கை நீட்டினான். செங்கோவரையர் அந்தக் கையைப் பார்த்தார், பற்றவில்லை.

"புடிங்கய்யா" என்று உள்ளேயிருந்து வங்கனார் குரல் கொடுத்தார். "தண்ணிக்குள்ள கெடக்கையில என்ன பகை?"

அவர் பற்றினார். கருந்தீவார் நான்கு பேர் சேர்ந்து தூக்கி உள்ளே போட்டார்கள். தோற்பையில் மிச்சமிருந்த தண்ணீரை அவருக்கே கொடுத்தார்கள். குடித்துவிட்டு அவர் தலைகுனிந்தபடி சொன்னார்: "உன்னக் கடல்ல தள்ளினவன் நான்."

"தள்ளினீங்க ஐயா. அதனாலதான இத்தன பேருக்குப் படகு கெடச்சுது" என்றார் வங்கனார். அதில் கேலி இல்லை. அவர் மெய்யாகவே அப்படித்தான் எண்ணியிருந்தார்.

உச்சிவேளைக்குள் படகு பெருங்கலத்துறையை அடைந்தது. துடுப்பில்லாத படகு அத்தனை தொலைவை எவ்வாறு கடந்தது என்று மாலுமிகள் பின்னாளில் வியந்தார்கள். முந்திச் சேர்ந்த கப்பல்கள் வழியாகச் செய்தி பரவியிருந்ததால் கரையில் பெருங்கூட்டம். கணவரும் போய்விட்டார் என்று கேட்டுப் புன்னையம்மையும் வந்து நின்றிருந்தார்.

படகிலிருந்து கருந்தீவார் இறங்கியதும் கூட்டம் சீறியது. சிலர் கல்லெடுத்தார்கள். செங்கோவரையர் தள்ளாடி முன்னே வந்து கைகளை விரித்து நின்றார். "கல்ல என்மேல போடுங்க. என்னத் தண்ணியிலருந்து தூக்கினது இவங்க கை."

கூட்டம் அடங்கியது. ஆனால் யாரும் ஓரடி நெருங்கி வரவில்லை. மகனைப் பறிகொடுத்த புன்னையம்மை என்ன செய்யப்போகிறார் என்றே எல்லாரும் பார்த்தார்கள். அம்மையார் கணவரின் முகத்தை ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு குளிரில் நடுங்கி நின்ற அந்த அயல்நாட்டுப் பிள்ளைகளை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இவங்களப் பெத்தவங்க அங்க சுவத்தப் பாத்து உக்காந்திருப்பாங்க" என்றார். "சீக்கிரம் அனுப்பி வைங்க. அதுக்கு முன்னால வயித்துக்கு ஏதாவது குடுப்போம்."

அவர் வீட்டுக்கு ஓடினார். அக்கம்பக்கத்துப் பெண்கள் அரிசி கொண்டுவந்தார்கள். புன்னையம்மை, படகிலிருந்து இறங்கியவர்களைக் கரையில் நின்று பார்த்த கணக்குப்படி கலயங்களை வைத்துக் கஞ்சி வார்த்தார். எல்லாரும் வாங்கிக்கொண்ட பின்னும் ஒரு கலயம் எஞ்சியது.

"வெள்ளத் தாடி வச்ச பெரியவரு ஒருத்தர் எறங்கினாரே, எங்க காணோம்?"

வங்கனார் பொறையனைப் பார்த்தார். "உங்க பெரியவரு எங்கப்பா?"

"எங்க பெரியவரா?" பொறையன் திகைத்தான். "எங்க கப்பல்ல அப்படி யாரும் கெடையாதே. உங்க ஊர்க்காரருன்னுல்ல நெனச்சோம்!"

அவர்கள் ஒருவரையொருவர் பார்த்தபடி இருக்கையில், கோயில் குருக்கள் மேல்மூச்சு வாங்க ஓடிவந்தார். உச்சிக்காலப் பூசைக்குத் திரையை விலக்கினால், ஈசனுக்குச் சாத்தியிருந்த பட்டு முழுதும் நனைந்து சொட்டுகிறதாம். தொட்டு நாவில் வைத்தால் உப்புக் கரிக்கிறதாம். கருவறைத் தரையில் நெடுநேரம் கடலில் கிடந்தவர் ஏறி வந்ததுபோல் ஈரத்தடம் பதிந்திருக்கிறதாம்.

வங்கனார் மணலில் விழுந்து வணங்கினார். "ஒனக்காக எறங்கினப்ப நீ யாருன்னு சொல்லலயே, அப்பா! ஏறி வான்னு கூப்பிட்டியே!" என்று அரற்றினார். செங்கோவரையரும் அவர் பக்கத்தில் விழுந்தார்.

புன்னையம்மை அழவுமில்லை, விழுந்து வணங்கவுமில்லை. எஞ்சிய கலயத்தை இரு கையாலும் எடுத்துக்கொண்டார். கஞ்சி ஆறிவிடாமல் முந்தானையால் மூடினார். ஓராண்டாகத் தாம் மிதியாத கோயில் வாசலைத் தாண்டி உள்ளே நடந்தார்.

கருவறை முன் கலயத்தை வைத்து, "குடிங்க" என்றார். "ராத்திரி முழுக்கக் குளிர்ல இருந்திருக்கீங்க." அதன் பிறகே அவருக்கு அழுகை வந்தது. சன்னதியில் அமர்ந்து, மகன் பெயரைச் சொல்லி, பொழுது சாயும்வரை அழுது தீர்த்தார். குருக்கள் நடையைச் சாத்தாமல் காத்திருந்தார்.

செய்தி கேட்ட அரசர் கருந்தீவாரைத் தம் கப்பலிலேயே ஏற்றி ஊருக்கு அனுப்பினார். அவர்களை எதிர்கொண்டு அழைத்த கருந்தீவு மன்னர் எல்லைப் பேச்சுக்கு உடன்பட்டார், போர் நின்றது. அலைவள நாட்டின் போர்க்கப்பல் ஒவ்வொன்றிலும், நீரில் தவிப்பவர் எந்நாட்டாராயினும் தூக்குவதற்கென்றே ஒரு படகும் வடமும் இருக்க வேண்டும் என்று செங்கோவரையர் ஆணையிட்டார். வங்கனாருக்கு மேல்தளத்தில் ஒரு பதவி தருவதாக அரசர் சொன்னபோது, "கப்பல் கசியுறது நிக்கலயே ஐயா" என்று கூறி அவர் அடித்தட்டுக்கே இறங்கிவிட்டார். இம்முறை எயினனும் ஒரு வாளியோடு கூட இறங்கினான்.

பகைவன் குரலிலும் பரமன் குரலைக் கேட்ட அந்தச் செவிகளை வணங்குவோம். தமக்கு இடமில்லாத படகிலும் பிறர்க்கு இடங்கண்ட வங்கனார் திருவடி வாழ்க.